நாலு விளக்கு, ஒரு சுவிட்ச்

“இந்த வண்டியைச் செஞ்சவன் இருக்கானே, அவன் ஆயுசுல ஒரு நாளாவது இருட்டுல பின்னாடி போயிருப்பானா? சொல்லுங்க! போயிருப்பானா?”

வில்ஹோ கெம்பைனன் குரலில் இதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கீழ்த்தாடையை இடப்பக்கம் தள்ளிக்கொள்ள வேண்டும். பிறகு பாதி மூக்கால், பாதி தொண்டையால். “போயிருப்பானா”வின் “போ”வைப் பனிமூட்டத்தில் கப்பல் ஊதுவது மாதிரி இழுக்க வேண்டும். எங்கள் ஹெரிங் கோவ் ஊரில் இதைச் செய்யத் தெரியாதவர் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்வார்கள். வில்ஹோவின் மனைவி எல்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் செய்வாள். அவளுடையதுதான் அசலுக்கு ரொம்பப் பக்கம்.

வில்ஹோ இதைக் காலையில் பெக் ட்ரெவாரோவின் தூண்டில் கடையில் காபி குடிக்கும்போது சொல்வார். சர்ச் முடிந்து பாதிரியாரிடம் கைகுலுக்கும்போது சொல்வார். தங்கை புருஷன் ராய் ஓயாலாவை அடக்கம் செய்த அன்று சவ வண்டி கல்லறைத் தோட்டத்துக்குள் பின்பக்கமாக நுழைந்தது. நாங்களெல்லாம் தலைகுனிந்து நின்றோம். வில்ஹோவும் குனிந்தார். எதற்கென்று பார்த்தால், அந்த வண்டியின் ரிவர்ஸ் லைட்டைப் பார்ப்பதற்கு. “மின்மினிப் பூச்சி” என்றார், எல்லார் காதிலும் விழும்படி. தங்கை முறைத்தாள். ராய் சவப்பெட்டிக்குள் இல்லாமல் வெளியே நின்றிருந்தால் ஆமாம் போட்டிருப்பான்.

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. கவுண்ட்டியின் பனி தள்ளும் லாரியை முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டி ஓய்வு பெற்றவர். பனி தள்ளுகிறவனுக்கு முன்னால் போவது பாதி வேலை, பின்னால் வருவது பாதி வேலை. இங்கே குளிர்காலத்தில் பிள்ளைகள் பள்ளிவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். சுப்பீரியர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறவன் விடியும் முன்பே படகு ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்க வேண்டும். அதுவும் படகுத்துறையில் முன்விளக்கை அணைத்துவிட வேண்டும். மற்றவன் கண்ணில் அடிக்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஆக பின்னால் இருக்கிற இரண்டு மின்மினியை நம்பித்தான் எல்லாம்.

ஓய்வு பெற்றபின் வில்ஹோவுக்கு அந்தத் துறைதான் ஆபீஸ். தன் பிக்கப் லாரியின் பின்கதவை இறக்கிப் போட்டு, அதில் உட்கார்ந்து, காபியும் கையுமாக வருகிறவனுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வார்.

“இடது! இடதுன்னு சொன்னேன்! உன் இடது இல்லய்யா, ஆண்டவன் குடுத்த இடது!”

“நல்லாத் திருப்பு, நல்லாத் திருப்பு. அப்படியே திருப்பிக்கிட்டே வீட்டுக்குப் போயிடு.”

கார்லீன் ஓயாலா அவருடைய தங்கை மகள். அப்பா ராய் போனபின் அவனுடைய பெரிய அலுமினியப் படகும் டிரெய்லரும் பழைய பிக்கப்பும் அவளுக்கு வந்தன. ஊரில் அவள் வேலை பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. பிள்ளையை இறக்கிவிட்டால், கல் ரோட்டுக் கோடியில் இருக்கிற வீடானாலும் வாசல் விளக்கு எரிகிறவரைக்கும் பஸ்ஸை நகர்த்த மாட்டாள். எந்தப் பிள்ளை மேட்டில் ஏறும்போது வாந்தி எடுக்கும், எதை முன்சீட்டில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் தாய்க்குத் தெரிவதற்கு முன்னே அவளுக்குத் தெரியும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு விடிகாலை அவள் அந்தப் பெரிய படகை இறக்க வந்தாள். மூன்று தடவை நேராக்கினாள், மூன்று தடவையும் டிரெய்லர் கோணிக்கொண்டது.

“என்னம்மா கார்லீன்,” என்றார் வில்ஹோ பின்கதவிலிருந்து, “படகை இறக்குறியா, இல்ல ஊருக்கெல்லாம் காட்டிட்டுத் திரும்ப எடுத்துட்டுப் போறியா?”

“மாமா, ஒண்ணும் தெரியல. கண்ணாடியில வெறும் கறுப்பு.”

“பஸ்ஸை மட்டும் எப்படி ரிவர்ஸ் எடுக்குறே?”

“பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கவே கூடாது மாமா. ரூல்.”

“அதான் பாத்தேன்! பள்ளிக்கூடத்துல முன்னாடி போக மட்டும்தான் சொல்லிக் குடுக்குறாங்கபோல!”

துறையே சிரித்தது. கார்லீனும் சிரித்தாள், ஆனால் காது சிவந்துவிட்டது. அதைப் பார்த்து வில்ஹோவுக்கு மனசு இளகிவிட்டது. “சனிக்கிழமை வண்டியைக் கொண்டா. லைட்டு மாட்டித் தர்றேன். என் வண்டிக்கு மாட்டினேனே, அதே மாதிரி. அப்புறம் நீ பின்னாடி வர்றதைப் பாத்து மீனெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கும்.”

சனிக்கிழமை மத்தியானம், வாரம் தவறாமல் எல்லாரும் வந்து உட்காரும் சௌனா என்கிற நீராவிக் குளியல் அறைக்கு விறகு வைத்துவிட்டு, வில்ஹோ கார்லீனின் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். பம்பருக்குக் கீழே இரண்டு சதுர விளக்கு. ஒயரைச் சட்டத்தோடு சேர்த்து அழகாகக் கட்டிக்கொண்டே முன்னுக்குக் கொண்டுவந்தார். ரிவர்ஸ் கியர் போட்டால் தானாக எரியும். அது போதாதென்று, வண்டி நிற்கும்போது டிரெய்லர் மாட்டவும் மீன் கழுவவும் வெளிச்சம் வேண்டுமே என்று, ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் கிட்ட ஒரு சுவிட்ச்.

கார்லீன் விளக்கு வந்த டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். “மாமா, இதுல ரிலேன்னு ஒண்ணு மிஞ்சிக் கிடக்கே.”

ரிலே என்பது தீப்பெட்டி அளவு டப்பா. ரிவர்ஸ் ஒயரிடமிருந்து சைகையை மட்டும் வாங்கிக்கொண்டு, விளக்குக்கு வேண்டிய கரண்டை பேட்டரியிலிருந்து தனியாக எடுத்துக் கொடுக்கும். அது நடுவில் இருந்தால் சுவிட்சின் கரண்ட் வண்டியின் பழைய ஒயருக்குள் திரும்பி ஓடாது.

“அதெல்லாம் காகிதத்தைப் படிச்சு மாட்டுறவனுக்கு,” என்றது வண்டிக்கு அடியிலிருந்து குரல். “ரெண்டே ரெண்டு லைட்டு. அதுக்கு ஒரு காவல்காரனா?”

“சுவிட்ச் ஆன்ல இருக்கான்னு எப்படித் தெரியும்? சின்னதா ஒரு சிவப்பு லைட்டு வச்சா…”

“மறதிக்காரங்களுக்குத்தான் அது. உங்கப்பனா இருந்தா வச்சிருப்பேன்.”

எழுந்து வந்து சுவிட்சைத் தட்டினார். புது விளக்கு இரண்டும் எரிந்தன. கூடவே வண்டியோடு வந்த பழைய மின்மினி இரண்டும் எரிந்தன. வில்ஹோ இரண்டு கையையும் விரித்தார், தானே பெற்ற பிள்ளையைக் காட்டுவது மாதிரி.

“பாத்தியா? ரெண்டு கேட்டே, நாலு எரியுது! ஒரே சுவிட்ச்சு!”

நாங்கள் நாலைந்து பேர் சௌனாவுக்கு வந்தவர்கள் துண்டும் தோளுமாக நின்று கைதட்டினோம். அந்தப் பழைய இரண்டு ஏன் எரிகின்றன என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, விடியும் முன், கார்லீன் தன் வீட்டு முற்றத்தில் புது வெளிச்சத்தில் ஒரே தடவையில் டிரெய்லரை மாட்டிவிட்டாள். சந்தோஷத்தில் சுவிட்சை அணைக்க மறந்தாள். துறைக்கு இறங்குகிற பள்ளமான ரோட்டில் அவள் முன்னே, வில்ஹோ தன் வண்டியில் பின்னே. படகின் இரண்டு பக்கமும் வெள்ளையாக வெளிச்சம் வழிந்து அவர் கண்ணில் அடித்தது. “நல்லா எரியுது” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கார்லீனும் கண்ணாடியில் படகு பளபளப்பதைப் பார்த்தாள். மாமாவின் முன்விளக்கு என்று நினைத்தாள்.

பள்ளத்தின் அடியில் எல்லா வண்டியும் நின்று போகவேண்டிய முனை ஒன்று. அதற்கு எதிரே பெக் ட்ரெவாரோவின் கடை. கார்லீன் பிரேக் போட்டாள். வண்டி கேட்டது, டிரெய்லர் கேட்கவில்லை. ராயின் படகு தன் முழு எடையோடு பின்னாலிருந்து தள்ள, ஈர இலைகள் மேல் பிக்கப் வழுக்கிக்கொண்டே போய், பெக் இரைமீன் வைத்திருக்கிற கொட்டகையின் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. தொட்டி உடைந்து விரல் நீள மீன்கள் ரோடு முழுக்கத் துள்ளின. மனுஷர் யாருக்கும் ஒன்றுமில்லை.

எதையும் இரண்டு தடவை சொல்லும் பெக் இரவு உடுப்போடு ஓடிவந்தாள். “என் மீனு! என் மீனு! யாருக்கும் அடிபடலையே? அடிபடலையே?”

வில்ஹோ கதவைத் திறந்துபோட்டு ஓடினார். முப்பது வருஷப் பழக்கம்: முதலில் கார்லீன் வண்டிக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார், முழங்கால் கிட்ட இருந்த சுவிட்சையும் அணைத்தார், பேட்டரி வீணாகக்கூடாதென்று. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பயத்தில் வாயில் வந்தது கத்தல்.

“மேட்டுலேர்ந்து உருட்டிவிட்ட பீப்பா மாதிரி வந்தியேடி! என்ன வேகம் அது!”

“நான் எப்பவும் போலத்தான் மாமா வந்தேன்…”

“பின்னாடியே வந்தேன், பாத்துக்கிட்டே வந்தேன்!”

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து போலீஸ்காரன் வந்தான். டிரெய்லர் பிரேக்கைச் சோதித்துப் பார்த்தான், ஒழுங்காகப் பிடித்தது. பிறகு வில்ஹோ பக்கம் திரும்பினான். “நீங்க பாத்தீங்களா, மிஸ்டர் கெம்பைனன்?”

“ரோட்டைப் பாக்குறதுதான் என் பொழப்பு,” என்றார் வில்ஹோ, கத்தியதை இனி விழுங்க முடியாமல். “வேகம்தான்.”

முடிந்தது. பனிப்புயலிலும் ரோட்டோரத் தபால் பெட்டி ஒன்றைக்கூட இடிக்காத வில்ஹோ, அதுவும் சொந்தத் தாய்மாமன், வேகம் என்று சொன்னால் அதற்கு மேல் யார் பேசுவது? பள்ளிக்கூடம் கார்லீனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவைத்தது. பள்ளி வாரியம் கூடி முடிவு சொல்லும்வரை சாவியைத் தொடக்கூடாது. முடிவு பாதகமாக வந்தால் இனி எந்தப் பிள்ளையையும் ஏற்ற முடியாது. திங்கட்கிழமை வேறு ஆள் பஸ்ஸை எடுத்தான். வாசல் விளக்குக்குக் காத்திருக்கவில்லை. மேட்டில் வாந்தி எடுக்கிற பிள்ளை கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தது.

இனி வருவது எல்லாம் முடிந்தபின் வில்ஹோ தன் வாயால் எங்களிடம் சொன்னது.

செவ்வாய் பொழுது சாய்ந்தபின் அவர் பெக் கடைக்குப் போய், அங்கேயே கிடந்த டிரெய்லரைத் தன் வண்டியில் மாட்டினார். வெளிச்சத்துக்குத் தன் சுவிட்சைப் போட்டுக்கொண்டார். கார்லீன் வீட்டை நெருங்கும்போது ரோடு ஒரு சின்ன இறக்கம். பிரேக்கில் கால் வைத்தார். முதுகில் யாரோ கையை வைத்துத் தள்ளியது மாதிரி இருந்தது.

அவருடைய சொந்தப் படகு சின்னது. அதன் டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது. ராயின் டிரெய்லருக்கு உண்டு. முன்னால் போகிற வண்டி மெதுவானால் டிரெய்லர் வந்து கொக்கியை முட்டும். அந்த முட்டல்தான் அதன் பிரேக்கை அழுத்தும். ஆனால் பின்னால் போகும்போதும் அதே முட்டல்தானே? அப்போது பிரேக் பிடித்துக்கொண்டால் படகை இறக்கவே முடியாது. அதனால் ஒரு பூட்டு: ரிவர்ஸ் ஒயரில் கரண்ட் வந்தால் டிரெய்லர் பிரேக் வேலை செய்யாது. ரிலே இல்லாமல் மாட்டினால், சுவிட்சைப் போட்டாலே அந்த ஒயரில் கரண்ட் ஓடும்.

வில்ஹோ வண்டியை நிறுத்தினார். சுவிட்சை அணைத்துவிட்டுக் கொஞ்சம் உருட்டிப் பிரேக் போட்டார். டிரெய்லர் சாதுவாக நின்றது. சுவிட்சைப் போட்டு உருட்டினார். முதுகில் அதே கை. இன்னொரு தடவை அணைத்தார். நின்றது. போட்டார். தள்ளியது.

ஞாயிறு காலை தன் கண்ணில் அடித்த வெளிச்சம் ஞாபகம் வந்தது. முன்னால் போகிற வண்டியில் ரிவர்ஸ் லைட் எரிவதைப் பார்த்துக்கொண்டே, நல்லா எரியுது என்று சொல்லிக்கொண்டே, பள்ளம் முழுக்க இறங்கியிருக்கிறார்.

“அங்கயே அவ வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கணும்,” என்றார் பிறகு. “வாசல்லதான் நின்னேன். டிரெய்லரை விட்டுட்டு ஓடி வந்துட்டேன், பாலைக் குடிச்ச பூனையாட்டம்.”

அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் காலை அவர் திருப்புளி, ஸ்பேனர் எல்லாம் எடுத்துக்கொண்டு போய், கார்லீன் வண்டிக்கு அடியில் படுத்து, விளக்கு, ஒயர், சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றினார். சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“என்ன மாமா பண்றீங்க?”

“லூஸ் கனெக்‌ஷன்மா. எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொண்டாறேன்.”

“இந்த நேரத்துல எனக்காக இதெல்லாம் வேற பண்றீங்க,” என்றாள் கார்லீன். “தேங்க்ஸ் மாமா.”

வில்ஹோ வண்டிக்கு அடியிலிருந்து உடனே வரவில்லை. வரமுடியவில்லை. எண்ணெய்க் கறை படிந்த வண்டியின் அடித்தகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தார். “முகத்தைக் காட்ட வேண்டியதில்லாத இடம் ஊர்லயே அது ஒண்ணுதான்” என்றார் பிறகு.

அதற்கப்புறம் துறையில் பின்கதவு காலி. பெக் கடையில் அவருடைய கோப்பை தலைகீழாகத் தொங்கியது. யாரோ டிரெய்லரைத் தண்ணீருக்குள் கோணலாக விட்டுவிட்டு, திட்டுவதற்கு ஆளில்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வில்ஹோ குறை சொல்வதையே விட்டுவிட்டார். எல்மா பாத்திரம் கழுவும்போது வேண்டுமென்றே அவர் குரலில் ஆரம்பித்துப் பார்த்தாள். “இந்த வண்டியைச் செஞ்சவன் இருக்கானே…” வில்ஹோ எழுந்து வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை சௌனாவுக்கு விறகு வைக்கவில்லை. ஓயாலா குடும்பம் வழக்கம் போலத் துண்டோடு வந்து நின்றது.

“வந்துட்டாங்க. என்ன சொல்ல?” என்றாள் எல்மா.

“விறகு ஈரம்னு சொல்லு.”

“அது போன வருஷத்து விறகு.”

“அப்ப எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லு.”

எல்மா அவர்களை அனுப்பிவிட்டு வந்து, ஒரு மாவுப் பையை மேசைமேல் வைத்தாள். உள்ளே இரண்டு சதுர விளக்கு. அவர்கள் வீட்டுக் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது.

“கார்லீன் லைட்டு இங்க ஏன் ஒளிஞ்சிருக்கு?”

“லூஸ் கனெக்‌ஷன்.”

“லைட்டுக்கா, உனக்கா?”

வில்ஹோ பையின் வாயைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். அப்புறம் சொன்னார். எல்மா முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “வோய் வோய்” என்று மட்டும் சொன்னாள், எங்கள் பாட்டன் காலத்துப் பேச்சில் அது சாவுக்கும் சொல்வது, பால் பொங்கி வழிந்தாலும் சொல்வது. “செவ்வாக்கிழமை கூட்டம். நான் அங்க இருப்பேன். நீ எங்க இருப்பேன்னு நீயே பாத்துக்க.”

வாரியம் பள்ளி நூலகத்தில் கூடியது. பெரிய நாற்காலிகள் வாரியத்துக்கு. எங்களுக்குச் சின்னப் பிள்ளைகளின் நாற்காலி. முழங்கால் மார்பில் இடிக்க வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வில்ஹோ கடைசி வரிசையில், தொப்பியைக் கழற்றாமல்.

தலைவர் லெக்லேர் மெல்லிய குரல் மனுஷர். பூனைக்குத் தடுப்பூசி போடுகிறவர் மாதிரி பேசுவார். “உன் பக்கத்தைச் சொல்லும்மா கார்லீன். அவசரமில்ல.”

கார்லீன் எழுந்தாள். “நான் வேகமா வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். ஆனா மாமா பின்னாடியே வந்தாரு. அவர் வேகம்னா வேகமாத்தான் இருக்கும். நான்தான் வேகமா வந்திருக்கேன். என்னை நம்பிப் பிள்ளைங்களை ஏத்திவிட்டவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

“அவ வேகமா வரல.”

வில்ஹோ எழுந்து நின்றிருந்தார். சின்ன நாற்காலியும் இடுப்பில் மாட்டிக்கொண்டு அவரோடு எழுந்திருந்தது. யாரோ சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் குரலை மட்டும் எங்களில் யாராலும் இன்றுவரை செய்துகாட்ட முடியவில்லை. தாடை இல்லை, மூக்கு இல்லை, ஊதல் இல்லை. வெறும் குரல்.

சொன்னார். ரிலே இல்லாமல் மாட்டியது, நாலு விளக்கு எரிந்ததைப் பெருமையடித்தது, பள்ளத்தில் பார்த்துக்கொண்டே வந்தது, சுவிட்சை அணைத்தது, எல்லாம்.

“வாயால சொன்னா மருமக பாசம்னு நினைப்பீங்க. ராய் டிரெய்லரை என் வண்டியில மாட்டிக் கொண்டாந்திருக்கேன், இதுலயும் அதே ஒயருதான். வெளிய நிக்குது. நீங்களே ஓட்டிப் பாருங்க லெக்லேர்.”

எல்லாரும் வெளியே போனோம். பள்ளி வாசல் இறக்கத்தில் லெக்லேர் சுவிட்சைப் போட்டுக்கொண்டு மெதுவாக உருட்டி பிரேக்கை அழுத்தினார். “அம்மாடி!” என்று உள்ளிருந்து சத்தம். அணைத்துவிட்டு உருட்டினார். சத்தமில்லை.

இறங்கி வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கார்லீன் வண்டியில மாட்டின லைட்டு இப்ப எங்க?”

இதைக் கேட்காமல் விட்டிருக்கலாம் என்று எங்களுக்கு இருந்தது. வில்ஹோ தொப்பியைக் கழற்றினார்.

“என் கொட்டகையில. புதன்கிழமை கழட்டிட்டேன்.”

“சரி பண்ணவா?”

“இல்ல. யாரும் பாத்துடக்கூடாதுன்னு.”

கார்லீன் அவரையே பார்த்தாள். “அன்னைக்கு நான் உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னேன் மாமா.”

“ஆமா.”

“நீங்க கேட்டுக்கிட்டே படுத்திருந்தீங்க.”

“ஆமாம்மா.”

அவள் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். லெக்லேர் தன் தடுப்பூசிக் குரலில், “யார் வேணாலும் பண்ணக்கூடிய தப்புதான் வில்ஹோ…” என்று ஆரம்பித்தார். எல்மா வில்ஹோவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளே பஸ் கார்லீனிடம் வந்தது. வாசல் விளக்குகள் எரிகிறவரை மறுபடி நின்றது. வில்ஹோவின் வீட்டைத் தாண்டும்போது மட்டும் அவள் வழக்கமாக ஊதும் ஹாரனை ஊதவில்லை.

வில்ஹோ பெக்கின் கொட்டகைச் சுவரைக் கட்டிக்கொடுத்தார். “போதும் வில்ஹோ, போதும் வில்ஹோ” என்று அவள் சொன்னபிறகும் பெயின்ட் அடித்தார். அப்புறம் இன்னொரு வேலை. ஊரில் அவர் கையால் லைட்டு மாட்டிக்கொண்ட வண்டிகள் ஏழெட்டு இருந்தன. ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினார், தொப்பி கையில்.

“நான் மாட்டினதைக் கழட்ட வந்திருக்கேன்.”

“கழட்டி எங்க ஒளிச்சு வைக்கப்போறே?” என்றான் ஒருத்தன்.

“வில்ஹோ, ஆண்டவன் குடுத்த இடதுல ஒயர் எது?” என்றான் இன்னொருத்தன்.

அவர் குனிந்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். பதிலுக்குப் பதில் கொடுக்காத வில்ஹோவைப் பார்த்து, கேலி செய்தவர்களுக்கே பிறகு காபி இறங்கவில்லை. தன் வண்டியிலும் கழற்றிவிட்டார். சௌனாவை எல்மா மூட்டினாள். அவர் எல்லாரும் போனபின் ஆறிப்போன சூட்டில் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தார்.

நவம்பரில் முதல் பனி விழுந்த நாள், பஸ் வேலை முடிந்து கார்லீன் தன் பிக்கப்பை அவர் கொட்டகைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். எல்மா உள்ளேயிருந்து பார்த்துவிட்டு, அடுப்பில் வேலை இல்லாமலே அடுப்பண்டை போனாள். நாங்கள் இரண்டு பேர் விறகு இறக்க வந்தவர்கள். விறகோடு அப்படியே நின்றோம்.

எல்மா சொல்லித் தெரிந்திருக்க வேண்டும், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் திரும்பப் போயிருந்த மாவுப் பையைக் கார்லீன் அவளே எடுத்தாள். பக்கத்தில் ஒரு புது ரிலேயை வைத்தாள். சிவப்பு விளக்கு உள்ள ஒரு சுவிட்சையும் வைத்தாள்.

“இருட்டுல ஒண்ணும் தெரியல,” என்றாள். “மாட்டுங்க. நான் இங்கயே நின்னு பாக்குறேன்.”

வில்ஹோ அந்த ரிலேயைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ்த்தாடை மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஆனால் குரல் ஊதவில்லை. அவர் ஆணியில் தொங்கிய டார்ச்சை எடுத்துக்கொண்டு, திருப்புளியைப் பிடிப்பக்கமாக அவளிடம் நீட்டினார்.

“நின்னு பாக்குற வேலை எனக்கு. நீ போய் அடியில படு. பண்ணாத தப்பை நாலு பேரு முன்னாடி நின்னு ஒத்துக்கிட்டவ நீ, பண்ணின தப்பை மாவுப் பையில போட்டு முடிஞ்சு வச்சவன் நான். இதுல யாரு கையில திருப்புளி இருக்கணும்னு பெக்கோட இரைமீனைக் கேட்டாக்கூடச் சொல்லும். முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டுடி, என்னைப் பாத்துக்கிட்டு நிக்காத, எனக்கு வெட்கமா இருக்கு.”